அளவும் காலமும்

மலைநாட்டுக்குத் தேயிலை வந்த கதையை நம் பிள்ளைகள் அறிவர். மலைநாட்டை விட்டுக் கோப்பி போன கதையை அறிந்தவர் சிலரே. 1869ஆம் ஆண்டிலே மடுல்சீமைப் பகுதியில், கோப்பி இலைகளின் அடிப்புறத்தில் மஞ்சள் தூவியது போன்ற ஒரு படிவு காணப்பட்டது. பூஞ்சணத்தால் உண்டாகும் இலைநோய் அது. நோய்ப்பட்ட இலைகள் உதிர்ந்தன. ஆயினும் மரம் சாகவில்லை. அடுத்த மழையோடு புதுத்தளிர் விட்டது. தோட்டம் மீண்டும் பச்சைப்பசேலென விளங்கிற்று. மரம் தேறிவிட்டதென்று துரைமார் பலர் நம்பினர். புதுத்தளிரும் நோய்ப்பட்டு உதிர்ந்தது. மரம் மறுபடியும் தளிர்த்தது. இவ்வாறு உதிர்வதும் தளிர்ப்பதுமாக ஆண்டுகள் பல சென்றன. தளிர்க்குந்தோறும் மரமானது தண்டிலும் வேரிலும் சேமித்து வைத்திருந்த சத்தைச் செலவிட்டது. 1880இல் மார்சல் வாட் என்னும் தாவரவியல் அறிஞர் இங்கிலாந்திலிருந்து வந்து ஈராண்டு ஆராய்ந்து அந்நோயின் இயல்பைத் தெளிவாக்கினார். அதற்குள் காலம் கடந்துவிட்டது. கோப்பிச் செல்வம் அழிந்தது. அவ்விடத்தைத் தேயிலை பிடித்தது.

இக்கதை நமக்கு உணர்த்துவன இரண்டு. இலையின் பசுமை மரத்தின் நலத்துக்குச் சான்றாகாது என்பது ஒன்று. ஒருநாள் நோக்கி ஒரு மரத்தின் நிலையைக் கூறிவிட முடியாது, காலந்தோறும் நோக்கி வருதல் வேண்டும் என்பது மற்றொன்று. இவ்விரு பாடங்களையும் மனிதவுடலைக் கொண்டு உலகுக்குக் கற்பித்த நோய் ஒன்று உண்டு. எச்.ஐ.வி. என்னும் நுண்கிருமியால் உண்டாவது அது. அதனைப் பற்றி நம் மலைநாட்டு வாசகர்களோடு சிறிது உரையாடுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

வகுப்பிலே மாணவர் வினவுவதுண்டு: எச்.ஐ.வி. என்பதும் எயிட்ஸ் என்பதும் ஒன்றுதானா என்று. ஒன்றல்ல. எச்.ஐ.வி. என்பது கிருமியின் பெயர். அக்கிருமி உடலிற் புகுந்து, சிகிச்சை எதுவும் பெறாமற் பல்லாண்டு கழிந்தபின், உடலின் நோயெதிர்ப்பாற்றல் தேய்ந்து, பிற நோய்கள் வந்து சூழும் இறுதி நிலையின் பெயர் எயிட்ஸ். முன்னது தொடக்கம், பின்னது முடிவு. இரண்டுக்கும் இடையிலே கிடப்பது காலம். அக்காலத்தை மறந்துவிட்டு நம் பத்திரிகைகளும் சுவரொட்டிகளும் இதற்கு வழங்கிய பெயர் 'ஆட்கொல்லி நோய்', 'உயிர்க்கொல்லி நோய்' என்பன. தமிழ் கற்பிப்போனாகிய எமக்கு இச்சொற்கள்மேல் ஒரு வழக்கு உண்டு. அதனைப் பின்னர்ச் சொல்வோம். முதலில் நோயின் நடையை அறிதல் நலம்.

நம் குருதியிலே வெண்குழியங்கள் என்னும் காவலர் உளர். பாடநூல்கள் நிர்ப்பீடனம் என்று கூறும் எதிர்ப்பாற்றல் அவர்களாலேயே அமைவது. அவருள்ளே ஒருசாரார் கிருமியை நேரே கொல்பவர். ஒருசாரார் கிருமியைப் பற்றும் பொருள்களை ஆக்குபவர். இன்னொரு சாரார் இவ்விருவரையும் அழைத்து ஏவுபவர். இந்த மூன்றாஞ் சாராருக்கு அறிவியலார் இட்ட பெயர் சீ.டீ.4 குழியங்கள். முற்காலத்தே தோட்டங்களில் விடியுமுன் தப்பு அடித்துப் பெரட்டுக்கு ஆளழைப்பார்கள் அல்லரோ? தப்பு அடிப்பவன் கொழுந்து பறிப்பதில்லை, கவ்வாத்து வெட்டுவதுமில்லை. ஆனால் அவன் தப்பு ஒலிக்காவிட்டால் அன்றைய வேலை ஒழுங்காக நடவாது. உடலில் அவனைப் போன்றது சீ.டீ.4 குழியம். எச்.ஐ.வி. கிருமி வேறெவரையும் விட்டு இந்தத் தப்புக்காரனையே தேடிப் பற்றுகின்றது. இந்நோயின் கொடுமை முழுதும் இதிலே அடங்கும்.

நலமுள்ள ஒருவருடைய குருதியில், ஒரு கன மில்லிமீற்றர் அளவிலே, இக்குழியங்கள் ஏறத்தாழ 500 முதல் 1,500 வரை இருக்கும். கிருமி புகுந்த சில வாரங்களிற் காய்ச்சலும் தொண்டைநோவும் வந்து போகலாம். பலர் அதனைச் சாதாரணச் சளிச்சுரம் என்றே எண்ணி மறந்துவிடுவர். அவ்வேளையிற் கிருமி பெருகிச் சீ.டீ.4 எண்ணிக்கை சடுதியாக வீழ்கின்றது. பின்னர் உடல் ஒருவாறு எதிர்த்து நின்று கிருமியைத் தணிக்கின்றது. எண்ணிக்கையும் ஓரளவு ஏறுகின்றது. அதன்பின் வருவது நெடிய மௌனம். நோயுற்றவர் உண்கிறார், உழைக்கிறார், மலை ஏறி இறங்குகிறார். கண்டவர் எவரும் அவரை நோயாளி என்னார். அவரும் தம்மை அவ்வாறு எண்ணார். ஆயினும் உள்ளே, ஆண்டொன்றுக்கு 50 முதல் 100 வரையாக எண்ணிக்கை இறங்கிக்கொண்டே வருதல் பொதுவியல்பு. 200க்குக் கீழே சென்றால் அது ஆபத்தான எல்லை. சயரோகமும், ஒருவகை நிமோனியாவும், பிற தொற்றுக்களும் அப்பொழுது எளிதிற் புகும். மருந்தில்லாக் காலத்தில், தொற்றிலிருந்து இந்நிலைக்கு வருவதற்குப் பலருக்கு ஏறத்தாழப் பத்தாண்டு சென்றது. சிலருக்கு இரண்டு மூன்று ஆண்டிலே வந்தது. மிகச் சிலருக்கோ இருபது ஆண்டாகியும் வரவில்லை. கிருமி ஒன்று, கால அளவோ பல. இது ஏன்?

இவ்வினாவுக்கு விடை தேடப் புகுமுன், திருக்குறளில் 'மருந்து' என்னும் 95ஆம் அதிகாரத்தை நினைத்தல் பொருந்தும். மருத்துவன் செயற்படுமுன் மூன்றினை எண்ண வேண்டும் என்பது அவ்வதிகாரத்தின் கருத்துக்களுள் ஒன்று: நோயுற்றவனது நிலை, நோயின் நிலை, காலம். வள்ளுவர் இந்நோயை முன்னறிந்தார் என்று கூறுதல் பேதைமை. ஆனால் எந்நோயையும் அணுகுதற்குரிய நெறியை அவர் வகுத்து வைத்தார். அந்நெறி வழியே சென்ற இக்கால ஆராய்ச்சியும் அம்மூன்றையே கண்டது என்று கூறுதல் மிகையாகாது.

1981ஆம் ஆண்டு ஜூன் மாதத்திலே, லொஸ் ஏஞ்சலிஸ் நகரில் இளைஞர் ஐவருக்கு அரிய நிமோனியா நோய் வந்ததென்ற குறிப்பு வெளியாயிற்று. எயிட்ஸ் பற்றி உலகம் கண்ட முதல் அறிக்கை அதுவே. 1983இல் பாரிஸ் நகரத்துப் பாஸ்டர் நிறுவனத்திலே பிரான்சுவாஸ் பாரே-சினூசி அம்மையாரும் லுக் மொந்தாஞ்ஞே அவர்களும் தம் குழுவினரோடு கிருமியைக் கண்டறிந்தனர். அதன்பொருட்டு அவ்விருவரும் 2008இல் நோபல் பரிசு பெற்றனர். அவர்களின் புகழை உலகறியும். நாம் ஈண்டுச் சொல்ல விரும்புவது அத்துணைப் புகழில்லாத ஒரு பெரும்பணியை. 1984இல் அமெரிக்காவின் பல்டிமோர், சிக்காகோ, பிற்ஸ்பேர்க், லொஸ் ஏஞ்சலிஸ் ஆகிய நான்கு நகரங்களில் ஒரு தொடராய்வு தொடங்கியது. தம்பாலினரை விரும்பும் ஆடவர் ஏறத்தாழ 5,000 பேர் அதிற் சேர்ந்தனர். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வருவர்; பரிசோதனைக்கு உடன்படுவர்; குருதி கொடுப்பர். அக்குருதியிற் சிறிது பிற்காலத்துக்காக உறையவைத்துச் சேமிக்கப்படும். தமக்கு மருந்து கிடைக்கும் என்ற உறுதி எவருக்கும் இல்லை. தம்மைப் போன்றோர் இறப்பதைக் கண்டுகொண்டே, பின்வருவோர்க்குப் பயன்படட்டும் என்று ஆண்டுதோறும் வந்து கை நீட்டினர். அவர்களுட் பலர் இன்று இல்லை. நாம் இன்று அறிந்தவற்றுட் பெரும்பகுதி அவர்கள் தந்த கொடை.

இவ்வாறு திரண்ட ஏட்டைப் புரட்டியபோது முதலிலே தெரிந்தது நோயுற்றவனது நிலை. சீ.டீ.4 எண்ணிக்கை எவ்வளவு குறைந்ததோ அவ்வளவு அண்மையில் எயிட்ஸ் இருந்தது. இது எதிர்பார்த்ததே. ஆனால் எண்ணிக்கை ஒத்திருந்த இருவருள் ஒருவர் ஈராண்டில் நலிந்தார். மற்றவர் எட்டாண்டு நலமாயிருந்தார். அங்கே நோயின் நிலையை அறிய வேண்டியதாயிற்று. பிற்ஸ்பேர்க் பல்கலைக்கழகத்து ஜோன் மெலர்ஸ் என்பவரும் அவர்தம் குழுவினரும், சேமித்த பழைய குருதியிலே கிருமியின் அளவை அளந்து 1996, 1997ஆம் ஆண்டுகளிலே முடிபுகளை வெளியிட்டனர். 1,604 ஆடவரைப் பற்றிய கணக்கு அது. ஒரு மில்லிலீற்றரிற் கிருமிப்படிகள் 500க்கு மேற்படாதவருள், ஆறாண்டுக்குள் எயிட்ஸ் நிலையை அடைந்தவர் நூற்றுக்கு ஐவரளவே. 30,000க்கு மேற்பட்டவருள் அவ்வாறு அடைந்தவர் நூற்றுக்கு எண்பதின்மர். பல்லாண்டுக்கு முன் ஒருநாள் எடுத்த குருதி, பின் நிகழப்போவதை இவ்வளவு தெளிவாகச் சொல்லிற்று.

மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கத்தை அறியாத மலையகத்தார் இலர். பழைய மஸ்கெலியா நகர் அதனுள்ளே மூழ்கிக் கிடக்கின்றது. நீர் நிறைந்திருக்குங் காலத்தில் அங்கே ஓர் ஊர் இருந்ததென்றே தோன்றாது. நீர் வற்றினால் பழைய கோயில் வெளிப்படும். சீ.டீ.4 எண்ணிக்கை அந்நீர்மட்டம் போன்றது. கிருமியின் அளவு மதகு திறந்திருக்கும் அளவு போன்றது. நீர்மட்டம் மட்டும் அறிந்தவன் இன்று எவ்வளவு நீருண்டு என்பான். மதகையும் அறிந்தவன், அடித்தளம் என்றைக்கு வெளிப்படும் என்பதையும் சொல்லவல்லவன்.

இவ்விரண்டினும் நுண்ணிய மூன்றாவது ஒன்றையும் அத்தொடராய்வு காட்டிற்று. லொஸ் ஏஞ்சலிஸ் நகரிலே ஆராய்ந்த ஜானிஸ் ஜோர்ஜி என்னும் அம்மையார், கிருமியை நேரே கொல்லும் சீ.டீ.8 குழியங்களை நோக்கினார். அவற்றின் மேற்பரப்பிலே சீ.டீ.38 என்னும் ஒரு பொருள் மிகுதியாகத் தோன்றினால் அது அக்குழியங்கள் ஓயாது கிளர்ந்தெழுந்து நிற்பதற்கு அடையாளம். அவ்வடையாளம் எவரிடத்து மிகுந்து நின்றதோ அவர் விரைவில் நலிந்தார். நோய் முற்றியவரிடத்தே, கிருமியின் அளவினும் இக்கிளர்ச்சியே வாழ்நாட் குறைவோடு நெருங்கிய தொடர்புடையது என்று அவரும் குழுவினரும் 1999இல் எழுதினர். அடுத்த ஆண்டே அவ்வம்மையார் மறைந்தார். போர்வீரர் மிகுதியாக எழுந்தால் நாட்டுக்கு நன்மையன்றோ என்று வாசகர் வினவலாம். கோப்பி மரத்தை நினைவு கூர்க. தளிர்மேல் தளிராக விட்டது நலத்தின் அறிகுறியன்று. சேமிப்பு கரைவதன் அறிகுறி. ஓயாப் போரும் அத்தகையதே. ஆபிரிக்காவிலே ஒருவகைக் குரங்கினம் இக்கிருமிக்கு உறவான கிருமியை மிகுதியாகத் தாங்கியும் பெரும்பாலும் நோயுறாமல் வாழ்கின்றது. அதன் உடலிலே இந்த ஓயாக் கிளர்ச்சி இல்லை. பகையின் வலிமை மட்டுமன்றி, பகையை எதிர்க்கும் முறையும் முடிவை உறுதி செய்கின்றது என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

இவை யாவும் காலத்தோடு சேர்த்து நோக்கியபோதே பொருள் தந்தன. சீ.டீ.4 எண்ணிக்கை காலையும் மாலையும் ஒத்திராது. ஒரு காய்ச்சலாலும் இறங்கும், பின் ஏறும். ஆதலால் ஒருநாட் கணக்கைக் கொண்டு அஞ்சுவதும் தவறு, மகிழ்வதும் தவறு. எண்ணிக்கைகளை வரிசையாக வைத்து, அவை எத்திசை நோக்கிச் செல்கின்றன என்று காணல் வேண்டும். மாணவனை ஒரு தேர்வின் புள்ளியால் மதித்தல் கூடாதென்பதை ஆசிரியர் அறிவர். அவ்வறிவு இங்கும் வேண்டும்.

இனி, இக்கணிப்புக்களாற் பயன் யாது? முடிவை முன்னறிந்து கைகட்டி இருப்பதற்காயின் அறியாமலிருப்பதே நன்று. நற்காலமாக, 1996இலேயே மூன்று மருந்துகளைச் சேர்த்து வழங்கும் முறை பரவத் தொடங்கியது. அம்முறை கிருமியின் பெருக்கத்தைத் தடுக்கின்றது. மதகு மூடப்பட்டால் நீர்மட்டம் தானே உயர்வது போலச் சீ.டீ.4 குழியங்கள் மீள்கின்றன. எப்பொழுது தொடங்குவது என்ற வழக்கும் 2015இலே தீர்ந்தது. 35 நாடுகளைச் சேர்ந்த 4,685 பேரிடத்தே நடந்த ஆய்வொன்றில், எண்ணிக்கை 500க்கு மேலிருக்கும்போதே மருந்து தொடங்கியவர்க்கு, அது 350க்கு இறங்கும்வரை காத்திருந்தவரைக் காட்டிலும், கடும் நோயும் இறப்பும் பாதிக்கு மேல் குறைந்தன. அவ்வாண்டிலேயே உலக சுகாதார நிறுவனம், எண்ணிக்கை எதுவாயினும் தொற்றுள்ளோர் அனைவருக்கும் மருந்து தருக என்றது. ஆகவே மருந்து தொடங்குவதற்கு இன்று எண்ணிக்கை தடையன்று. காலந்தாழ்த்தி வந்தவர் எவர், அவரைப் பிற தொற்றிலிருந்து காப்பது எவ்வாறு என அறிவதற்கு அது இன்றும் வேண்டப்படுகின்றது. மிகக் கீழே இறங்கியபின் மருந்து தொடங்கியவர்க்கு எண்ணிக்கை பழைய நிலைக்கு முழுதும் மீளாமற் போவதுமுண்டு. முந்துவதும் பிந்துவதும் இந்நோயிலே வாழ்வும் சாவும் போல வேறானவை.

இவ்வரலாற்றிலே தமிழகத்துக்கும் பங்குண்டு. இந்தியாவிலே இத்தொற்று உண்டென்பதை 1986இல் முதன்முதற் காட்டியவர்கள் சென்னை மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த சுனிதி சொலமன் அம்மையாரும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும் ஆவர். நிர்மலா சென்னையிலே குருதி சேகரித்து, வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுசென்று சோதித்தார். ஆறு பெண்களிடத்தே தொற்றுக் காணப்பட்டது. சுனிதி அம்மையார் 1993இற் சென்னையிலே நிறுவிய ஆய்வு நிலையம், பின்னர் ஒன்பது நாடுகளில் 1,763 தம்பதியரிடத்தே நடந்த பேராய்வொன்றிலும் பங்குகொண்டது. முன்னதாகவே மருந்து தொடங்கினால் துணைவருக்குத் தொற்றுவது நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பங்கு குறைகின்றது என்று அவ்வாய்வு 2011இலே காட்டியது. மருந்தை ஒழுங்காக உட்கொண்டு, குருதியிற் கிருமியின் அளவு கண்டறிய இயலாத நிலைக்கு வந்தவரிடமிருந்து பாலுறவால் இத்தொற்றுப் பிறர்க்குப் பரவாது என்பது இன்று நிறுவப்பட்ட உண்மை.

நம் நாட்டிலே, கமலிகா அபேரத்ன என்னும் குழந்தை மருத்துவரை நன்றியோடு நினைத்தல் வேண்டும். 1995இல் வீதி விபத்தொன்றின்பின் ஏற்றப்பட்ட குருதி வழியாக அவருக்கு இத்தொற்று வந்தது. அவர் அதனை மறைக்கவில்லை. தம் பெயரையும் முகத்தையும் வெளிப்படுத்தி, தொற்றுள்ளோர்க்கு மதிப்பும் மருந்தும் வேண்டுமென்று பேசினார். 2004இலே அவர் மறைந்தார். இலங்கை அரசாங்க நிலையங்களில் இம்மருந்தை இலவசமாக வழங்கும் ஏற்பாடு தொடங்கியதும் அவ்வாண்டை ஒட்டியே. கருவுற்ற தாய்மாரைச் சோதித்து, தொற்றுள்ளவர்க்கு மருந்தளித்து, குழந்தைக்குத் தொற்றாமற் காக்கும் பணியிலும் இலங்கை வெற்றி கண்டது. 2019இல் உலக சுகாதார நிறுவனம் அதற்குச் சான்று வழங்கியது. தோட்டத்து லயங்களிலிருந்து கிளினிக்குக்கு நடந்துசென்று குருதி கொடுத்த நம் தாய்மாரும் அப்பெருமைக்கு உரியவர்.

இலங்கையிலே இந்நோய் மிகக் குறைந்த அளவினதே. மலையகத்தாரை அச்சுறுத்துவது எம் கருத்தன்று. ஆயினும் நம் இளைஞர் கொழும்புக்குப் போகின்றனர். நம் பெண்கள் மத்திய கிழக்குக்குச் செல்கின்றனர். ஊர்விட்டுச் சென்று உழைப்பது குற்றமன்று. அவர் மீண்டு வரும்போது ஐயக்கண்கொண்டு நோக்குவதே குற்றம். காம்பிராவுக்குக் காம்பிரா ஒரு சுவரே இடையாக உள்ள லயத்திலே, அடுத்த வீட்டு இருமலும் நமக்குக் கேட்கும். அத்தகைய இடத்திலே ஒருவர் சோதனைக்குப் போகத் தயங்குவது கிருமிக்கு அஞ்சியன்று; சொல்லுக்கு அஞ்சியே. அவருக்கு அரசாங்கப் பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையத்திலே சோதனை இலவசம், மருந்தும் இலவசம், மறைபொருளும் காக்கப்படும். இவ்வளவும் இருக்க, 'ஆட்கொல்லி' என்ற ஒரு சொல் வாயிலிலே நின்று வழிமறிக்கின்றது.

எம் வழக்கு இதுவே. 'கொல்லி' என்னும் சொல்லிலே அளவும் இல்லை, காலமும் இல்லை. முடிவைத் தொடக்கத்திலேயே கூறித் தீர்ப்பு வழங்கிவிடுகின்றது. நோயுற்றவனது நிலையும், நோயின் நிலையும், காலமும் அளந்தறியத்தக்கவை, மாற்றத்தக்கவை என்று அறிவு நிறுவிய பின்னும், அளவற்ற ஒரு சொல்லை நாம் ஆளலாமா? 'எயிட்ஸ் நோயாளி' என்று தொற்றுள்ள எல்லாரையும் கூறுவதும் பொருந்தாது. அவருட் பெரும்பாலார் மருந்துண்டால் அந்நிலையை அடையவே போவதில்லை. 'எச்.ஐ.வி. தொற்றோடு வாழ்வோர்' என்க. சொல் சற்று நீளமே. உண்மையும் சில வேளை நீளமானதே.

தேயிலைத் தொழிலிலே ஒரு வழக்கம் உண்டு. கவ்வாத்து வெட்டுமுன் செடியின் வேரிலே சிறிது வெட்டி எடுத்து, அயடீன் கரைசல் இட்டுப் பார்ப்பர். வேரிலே மாப்பொருள் போதிய அளவிருந்தால் அது கருநீலமாகும். இல்லையேல், மேலே இலை எவ்வளவு பசுமையாயினும் அச்செடியை ஆறவிட்டுத் தேற்றியபின்னரே வெட்டுவர். சோதித்ததற்காக எவரும் செடியைப் பழிப்பதில்லை. சேமிப்புக் குறைந்ததற்காக ஒதுக்குவதுமில்லை. செடிக்கு நாம் காட்டும் இந்த நிதானத்தை மனிதனுக்கும் காட்டுவோமாயின், சோதனைக்குச் செல்லும் வழி எளிதாகும். காலமும் நம் பக்கம் நிற்கும். அதற்கான முதல் வேலை நம் நாவைத் திருத்துதல். ஆசிரியரும் எழுத்தாளரும் பத்திரிகையாளரும் அதனை இன்றே தொடங்குவாராக.